மிக்கேலம்மாள் கொடுக்காத கல்

பவளத்துறை மாதா கோவிலின் கல்படம் முதன்முதலாக ஒரு மனுஷியின் உடம்பிலிருந்து சிறுநீரகக் கல்லை எடுத்துக்கொண்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, உப்பளத்துப் பெண்களாகிய நாங்கள் வேலைநிறுத்தத்தில் ஜெயிக்க ஒரே ஒரு நாள்தான் பாக்கி இருந்தது. அதனால்தான் ஊரே அந்தப் புதுமையைப் பேசி மெய்சிலிர்க்கும்போது எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள். இத்தனை காலம் பொறுத்திருந்த வானத்துக்கு இன்னும் ஒரு நாள் பொறுக்கத் தெரியவில்லை.

படம் என்றால் தூரிகையால் வரைந்த படம் அல்ல. ஆளுயரக் கறுப்புக் கல் பலகை, கண்ணாடி மாதிரி இழைத்தது. அதைக் குடைந்து, குடைந்த இடத்தில் பல நிறக் கற்களைச் சீவிச் சீவி, நடுவில் ஒரு மயிரிழைகூட நுழையாதபடி பொருத்திச் செய்தது. ஓர் எலுமிச்சைக் கிளை. இலைக்குப் பச்சைக் கல், பழத்துக்கு மஞ்சள் கல், பழத்தின் வெயில் படாத பக்கத்துக்கு அந்த மஞ்சள் கல்லிலேயே தானாக மங்கிப்போன இடமாகப் பார்த்து அறுத்து எடுத்திருக்கிறான் எவனோ ஓர் இத்தாலிக்காரன். சாயம் ஒரு சொட்டுக் கிடையாது. கிளையில் உட்கார்ந்திருக்கும் பச்சைக்கிளி, கீழே கிண்ணத்தில் இருக்கும் நீலக் கல் தண்ணீரைக் குடிக்கக் குனிகிறது. அலகுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல் அகலம் கறுப்பு. எங்களுக்குத் தெரிந்து அந்தக் கிளி குனிந்தபடியேதான் இருக்கிறது, குடித்தபாடில்லை.

உண்மையில் அது ஃபுளோரன்ஸ் என்ற ஊரில் ஏதோ ஒரு பிரபு வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல்பலகை. கொழும்புக்குத் தோணி விட்ட எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அங்கே ஏலத்தில் எடுத்து, புயலுக்குத் தப்பியதற்கு நேர்ச்சையாகக் கோவிலுக்குக் கொடுத்துவிட்டார். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்ட எங்கள் முன்னோர்களுக்கு, இவ்வளவு வேலைப்பாடு உள்ள ஒன்றின் மேல் மனிதர்கள் குழம்புச் சட்டியை இறக்கி வைப்பார்கள் என்று கனவிலும் தோன்றவில்லை. பறவை இருக்கிறது, மேலிருந்து கீழே இறங்கப் பார்க்கிறது, கோவிலுக்கு வந்திருக்கிறது; பரிசுத்த ஆவியேதான் என்று முடிவுகட்டி, பக்கப் பீடத்தை ஒட்டி நட்டமாக நிறுத்திச் சுவரோடு கம்பி போட்டு இறுக்கிவிட்டார்கள். ஸ்தனிஸ்லாஸ் பாதர் பங்குச்சாமியாராக வந்த புதிதில், "பரிசுத்த ஆவி புறா ரூபத்துலதாம்மா வரும், கிளியா வராது" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "எங்க ஊருக்குக் கிளியா வந்துருக்கு பாதர், ஒங்களுக்கு என்ன போச்சி?" என்று கேட்டார்கள். அவர் சண்டைக்காரர் அல்ல, அதோடு விட்டுவிட்டார். ஒவ்வொரு வருஷமும் உப்பு வாரத் தொடங்கும் நாளில், முதல் கைப்பிடி உப்பை அந்தப் படத்தின் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் நாங்கள் பாத்தியில் இறங்குவோம்.

இறங்குகிற இடம் கஸ்பார் முதலாளியின் அளம். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. மரம் கிடையாது, செடி கிடையாது, ஒரு ஆள் ஒதுங்க மறைவு கிடையாது. ஆம்பிளைகள் வரப்பில் திரும்பி நின்றால் காரியம் முடிந்தது. நாங்கள் என்ன செய்ய? தண்ணீர் குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை, அதனால் குடிக்க மாட்டோம். காலையில் வீட்டில் குடித்த ஒரு டம்ளர் காப்பியோடு, முழங்கால்வரை உப்புத் தண்ணீரில் நின்று, மேலே வெயிலும் கீழே வெயிலுமாக, பொழுது சாயும் வரை வாரி வாரிக் கரையேற்றி அம்பாரம் குவித்துவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய்த்தான் உட்காருவோம். அப்படி வறண்ட உடம்புக்குள் கல் விளையாமல் வேறென்ன விளையும்? பாத்தியில் உப்பு விளைந்தது, எங்களுக்குள் கல் விளைந்தது, முதலாளிக்கு இரண்டுமே நஷ்டமில்லை.

எங்களில் ஒருத்தி மிக்கேலம்மாள். அவள் அக்கா செபஸ்தியம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. முகம் வீங்கி, கால் வீங்கி, அடையாளம் தெரியாமல் செத்தாள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்ட கையோடு, கையைக்கூடக் கழுவாமல், மிக்கேலம்மாள் நேரே அளத்து ஆபீசுக்குப் போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"முதலாளி, ஒரு கக்கூஸ் கெட்டித் தாரும். குடிக்க ஒரு தொட்டி நல்ல தண்ணி வையும். அது வார வரைக்கும் ஒருத்தியும் பாத்தியில கால வைக்க மாட்டோம்."

"கக்கூஸா? அளத்துலயா?" கஸ்பார் முதலாளி மூக்கைச் சுளித்தார். "உப்பு வெளையுத எடம்ளா. அசிங்கமாயிராது?"

"எங்கக்கா செத்தது அசிங்கமில்லையோ?"

அவர் சிரித்தார். நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். நல்ல கோடையில், உப்பு பூத்து நிற்கிற நேரத்தில், ஒரு பெண்ணும் அந்தப் பக்கம் போகவில்லை. வெளியூரிலிருந்து ஆள் பிடித்துப் பார்த்தார், அவர்கள் இரண்டு நாளில் கால் வெடித்து ஓடினார்கள். கடைசியில் வானம் மேற்கே கறுக்க ஆரம்பித்ததும் முதலாளிக்கும் முகம் கறுத்தது. ஒரு மழை பெய்தால் அத்தனை உப்பும் கரைந்து போகும். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு லோடு செங்கல் அளத்து முகப்பில் வந்து இறங்கியது. திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்டுவதாகச் சொல்லி அனுப்பினார். மிக்கேலம்மாள் போய் ஒரு செங்கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா வெந்த கல்லுதான்" என்றாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

நடுவில் வந்தது ஞாயிற்றுக்கிழமை.

பூசையில் பாதர் நன்மை அப்பம் கொடுக்கிற நேரம். எங்களோடு உப்பு வாரும் பவுலினம்மாளுக்கு விலாவில் வலி பிடித்து, நிற்க முடியாமல், பக்கப் பீடத்தைப் பிடிக்கப் போய்ப் படத்தின் மேலேயே சாய்ந்தாள். சாய்ந்தவள் நிமிர்ந்தாள். வலி இல்லை. எலுமிச்சைக் கிளையின் நுனியில், வெறும் கறுப்பாக இருந்த இடத்தில், பழுப்பு மஞ்சளில் ஒரு மொட்டு இருந்தது. பீடத்தைக் கவனிக்கிற கோவில்பிள்ளை துணியால் துடைத்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மற்றக் கற்களைப் போலவே மயிரிழை இடைவெளி இல்லாமல் பதிந்திருந்தது. டவுனில் ஸ்கேன் எடுத்தார்கள். பவுலினம்மாளின் உடம்பில் கல் இல்லை.

ஊர் ஒன்றும் வாய்பிளந்துவிடவில்லை. இத்தனை நாள் சுவரில் சும்மா இருந்த பரிசுத்த ஆவி ஒருவழியாக வேலைக்கு வந்திருக்கிறது என்றுதான் நினைத்தது. மறுநாள் காலையில் வலி உள்ளவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். ஆமாம், நானும்தான், என் கல் மூன்றாவது இலைக்கு அடியில் ஒரு பொட்டு வண்டாக இருக்கிறது. ஒருத்தியின் கல் பூவின் நடுவே மகரந்தமாக விழுந்தது, ஒருத்தியின் கல் பிஞ்சு மாதுளையானது, ஒருத்தியுடையது மூன்றாக உடைந்து எறும்பு வரிசையாகப் போனது. இத்தாலிக்காரன் ஒரு கிளையோடு நிறுத்திய இடத்தில் எங்கள் கற்கள் ஒரு தோப்பையே வளர்த்தன. கொஞ்ச நாளில் அதில் அந்தஸ்து வந்துவிட்டது. "ஒன் கல்லு கீழ மண்ணுலதான கெடக்கு, என்னது கிளிக்குப் பக்கத்துல" என்று தண்ணீர்க் குழாயடியில் சண்டை நடந்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு, பெண்ணின் அம்மாவுடைய கல் எந்தப் பூவில் இருக்கிறது என்று காட்டினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். கோவில் வாசலில் எலுமிச்சம்பழக் கடை முளைத்தது. சென்னையிலிருந்து பழம்பொருள் தெரிந்த ஓர் அம்மா வந்து, கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "அருமையான மேசைப் பலகை, அசல் கெட்டுப்போச்சே" என்று வருத்தப்பட்டுப் போனார்.

கஸ்பார் முதலாளி மட்டும் வருத்தப்படவில்லை. திங்கட்கிழமை தோண்ட வேண்டிய அஸ்திவாரத்தை அவர் தோண்டவில்லை.

"இனும கக்கூஸ் எதுக்கு, தண்ணி எதுக்கு? பரிசுத்த ஆவியே வைத்தியம் பாக்கும்போது நாம நடுவுல பூந்து செங்கல்ல அடுக்குனா அது நம்பிக்கையில்லாத்தனம்லா?" என்றார்.

அந்தச் செங்கல் அத்தனையும் லாரியில் ஏறிக் கோவிலுக்கு வந்து, பரிசுத்த ஆவிக்கு அலங்கார வளைவாக எழும்பியது. உச்சியில் அவர் பெயர். எங்கள் கக்கூஸ் செங்கல்லுக்குக் கீழே குனிந்து நுழைந்துதான் நாங்கள் கோவிலுக்குள் போக வேண்டும். வயிறு எரிகிறதா இல்லையா?

பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே. முன்பெல்லாம் வலி வந்தால் இரண்டு நாள் பாயில் புரளலாம். இப்போது அந்த இரண்டு நாளும் போயிற்று. பாத்தியில் ஒருத்தி விலாவைப் பிடித்தால் கங்காணி விசில் அடிப்பார், முதலாளியின் வேன் வரும், கோவிலில் கொண்டுபோய்ச் சாய்ப்பார்கள், கல் படத்துக்குப் போகும், அவள் திரும்பப் பாத்திக்கு வருவாள். தண்ணீர் குடிக்காத உடம்பில் அடுத்த கல் வளரத் தொடங்கும். அதற்குப் பெயர் புதுமை.

மிக்கேலம்மாள் அந்த வளைவுக்கு வெளியே நின்று கத்துவாள். "கல்லக் குடுத்துட்டுப் போயி மறுபடியும் கல்லத்தான வளக்கிய? ஒங்களுக்கு ரோசமே கெடையாதா? கக்கூஸ் கெட்ட வந்த செங்கலத் திருடிட்டுப் போயிருக்கான், அதுக்குக் கீழ நின்னு சிலுவை போடுதிய!"

அவளுக்கும் கல் இருந்தது. வலி வரும்போது வரப்பில் உட்கார்ந்து, வாரிப்பலகையின் கம்பைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். வேனில் ஏற மாட்டாள்.

"வீம்புக்கு ஏம்ளா சாவுத? ஒரு தடவ போய்ச் சாஞ்சிட்டு வா" என்று பவுலினம்மாள் கெஞ்சினாள்.

"போக மாட்டேன்க்கா. இத அது வாங்கிக்கிட்டுன்னா, நான் எதுக்குக் கோவப்பட்டேன்னு எனக்கே மறந்துபோவும். என் கல்லு என்கிட்டயே இருக்கட்டும்."

அவளுக்கு இருந்தது ஒரே மகள், ரெக்சிலின். பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்சிங் படிக்க இடம் வரும் வரை சும்மா இருப்பானேன் என்று, தாய் எவ்வளவோ திட்டியும் கேட்காமல், பாத்தியில் வந்து நின்றாள். சின்னப் பிள்ளை, வெட்கம் அதிகம். நாங்களாவது ஒரு வாய் நனைப்போம், அவள் அதுவும் கிடையாது. கோடை முடிவதற்குள் ஒரு மத்தியானம் அம்பாரத்தின் அடியில் சுருண்டு விழுந்து, "யம்மா, தாங்க முடியலம்மா" என்று அலறினாள். கங்காணி விசில் அடித்தார். வேன் வந்தது.

மிக்கேலம்மாள் அன்றைக்கு வேனில் ஏறினாள். தன் வலிக்குக் கம்பைக் கடிக்கலாம், மகள் வலிக்கு எதைக் கடிப்பது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த வளைவுக்குக் கீழே போய்ப் படத்தின் மேல் சாய்த்தாள். ரெக்சிலினின் அழுகை நின்றது. ஆனால் அதற்குள் படத்தில் இடமே இல்லாமல் போயிருந்தது. கறுப்பே தெரியாதபடி பூவும் பிஞ்சும் பூச்சியுமாக அடைத்துக் கிடந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு விரல் அகலம், கிளியின் அலகுக்கும் தண்ணீருக்கும் நடுவில். ரெக்சிலினின் கல் அங்கே போய் உட்கார்ந்தது.

மிக்கேலம்மாள் அதைப் பார்த்தபடி நின்றாள்.

"குடிக்க விடாம என் மவ கல்லயே கொண்டு அடச்சிட்டியளே" என்றாள் கடைசியில். யாரிடம் சொன்னாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் வளைவுக்கு வெளியே நின்று கத்தவில்லை. அவள் கத்தாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த கோடையில் கஸ்பார் முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. பரிசுத்த ஆவி எத்தனை நாள் கோவிலிலேயே இருப்பது, ஒரு நாள் அளத்துக்கு எழுந்தருளி உப்பை ஆசீர்வதிக்கட்டும், பேண்டு வாத்தியம், பந்தல், எல்லாம் தன் செலவு என்றார். பலகையின் கனத்துக்கு யார் தோள் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது மிக்கேலம்மாள் எழுந்தாள்.

"பொம்பளையளே தூக்குதோம் முதலாளி. எங்க கல்லுதான அம்புட்டும்."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "கடைசியில ஒனக்கும் விசுவாசம் வந்துட்டே" என்றார்.

சப்பரத்தில் படத்தை நிறுத்தி, மல்லிகைச் சரம் சுற்றி, உப்பு மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன தோள்களில் ஏற்றிக்கொண்டு, செபமாலை சொல்லிக்கொண்டே, முன்னால் பேண்டும் பின்னால் ஊருமாக நாங்கள் உச்சி வெயிலில் அளத்துக்கு நடந்தோம். என் தோளில் இருந்தது முன்கம்பு. என் வண்டு என் காதுக்கு மேலே வந்தது. ஆபீஸ் முன்னால் பந்தல், அதில் மேடை, மேடையில் முதலாளி கைகூப்பி நின்றார். நாங்கள் நிற்கவில்லை. பந்தலைத் தாண்டினோம், அம்பாரங்களைத் தாண்டினோம், பாத்திகளுக்கு நடுவே அகலமாக ஓடும் பெரிய வரப்பின் மத்தியில் போய் இறக்கினோம். அங்கே, கொடி கட்ட என்று சொல்லி, நான்கு சவுக்குக் கம்புகளை ரெக்சிலின் காலையிலேயே நட்டு வைத்திருந்தாள். முன்பக்கத்து இரண்டு கம்புகளில் படத்தை நிறுத்திக் கம்பியால் இறுக்கினோம். மற்ற மூன்று பக்கமும் உப்புச் சாக்கைக் கிழித்துக் கட்டினோம். ஒன்றும் புரியாமல் பேண்டுக்காரர்கள் ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

மிக்கேலம்மாள் அங்கே நிறைத்து வைத்திருந்த தண்ணீர்க் குடங்களில் ஒன்றைத் தூக்கினாள். நடு மத்தியானம், முதலாளி பார்க்க, பங்குச்சாமியார் பார்க்க, ஊர் பார்க்க, வாய் வைத்துக் குடிக்கத் தொடங்கினாள். கழுத்து வழியாக ஓடி, ரவிக்கை நனைந்து, மூச்சு வாங்கி, மறுபடியும் குடித்தாள். குடத்தை ரெக்சிலினிடம் கொடுத்தாள். ரெக்சிலின் குடித்தாள். பிறகு நாங்கள். வருஷக்கணக்கான தாகம். அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கியபோது எனக்கு அழுகை வந்தது, அவமானமாகவும் இருந்தது, ஒரு வாய்த் தண்ணீருக்கு இவ்வளவா என்று. கொஞ்ச நேரம் கழித்து மிக்கேலம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு படத்துக்குப் பின்னால் போனாள். நாங்கள் வரிசையில் நின்றோம்.

அப்போதுதான் முதலாளிக்கு விளங்கியது. மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தார்.

"ஏ, பாவிகளா! ஊரே முட்டுப்போட்டுக் கும்பிடுத படம்டி! அதுக்குப் பின்னால போயா...? நரகத்துக்குத்தான் போவிய!"

மிக்கேலம்மாள் நிதானமாக வெளியே வந்து முந்தானையை இழுத்துவிட்டாள். "ஏன், அங்கயும் கக்கூஸ் கெடையாதோ?"

"தூக்குங்கல அத! லேய், நிக்கியளே, பிடுங்குங்கல!"

ஆம்பிளைகள் ஒருவரும் அசையவில்லை. அந்தப் படத்தில் அவர்களுடைய பெண்டாட்டியும் தாயும் தங்கச்சியும் இருந்தார்கள். போன கோடையில் கங்காணியின் மகளுடைய கல்கூட ஒரு பட்டாம்பூச்சியின் இறகில் பதிந்திருந்தது. முதலாளி தானே போய்ப் பலகையில் கை வைத்தார்.

"கைய எடும்" என்றாள் மிக்கேலம்மாள். கத்தவில்லை. "இந்தப் படத்துல எல்லார் வீட்டுக் கல்லும் இருக்கு. ஒம்ம கல்லு ஒண்ணு காட்டும் பாப்பம். ஆபீசுல ஏசி போட்டு, பாட்டல் பாட்டலா தண்ணி குடிச்சி, பக்கத்துலயே கக்கூஸ் வச்சிருக்கியரு, ஒமக்கு எப்படிக் கல்லு வரும்? ஒம்ம கல்லு ஒண்ணுமே இல்லாத படத்தத் தூக்க ஒமக்கு என்ன பாத்தியத?"

முதலாளி ஸ்தனிஸ்லாஸ் பாதரைத் திரும்பிப் பார்த்தார். "பாதர், நீங்களாவது சொல்லுங்க! பரிசுத்த ஆவிய இப்படி..."

பாதர் அங்கியின் நுனியை உப்புத் தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். வந்த நாளிலிருந்து யாரோடும் சண்டை போடாத மனுஷன். "கஸ்பார், அது ஒரு சாப்பாட்டு மேசை" என்றார். "நான் வந்த புதுசுலயே அது பரிசுத்த ஆவி இல்லன்னு சொன்னேன், யாரும் கேக்கல. அது புனிதம்னு வளைவு கட்டி பேர் போட்டது நீங்க. இப்ப நீங்களே போய் இடிச்சுத் தள்ளுங்க, ஊர் என்ன செய்யுதுன்னு பாப்போம்."

இடிக்கவா முடியும்? மழை மறுபடியும் மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது, பாத்தியில் உப்பு பூத்திருந்தது, படம் வரப்பை விட்டு அசையவில்லை, படம் நிற்கும் வரை பெண்கள் வாருவோம், படத்தை எடுத்தால் வார மாட்டோம். வாரம் முடிவதற்குள் அலங்கார வளைவை உடைத்து, அந்தச் செங்கல்லையே லாரியில் ஏற்றி, வந்த வழியே அளத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று பக்கமும் சுவர் எழும்பியது. பக்கத்தில் தொட்டி வந்தது. நான்காவது சுவர் படம்தான்; அதை நாங்கள் விடவில்லை. இன்றைக்கும் வெளியூர்க்காரர்கள் வேன் வைத்து வந்து அதன் முன்னால் முட்டுப்போடுகிறார்கள். உள்ளே ஆள் இருந்தால் வெளியே காத்திருக்கிறார்கள். அது யாருடைய கல்லையும் இப்போது எடுப்பதில்லை, படத்தில் இடமும் இல்லை, எடுக்க எங்களிடம் கல்லும் இல்லை. வேறு அளத்துப் பெண்கள் வந்து, இதே மாதிரி ஒரு படம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், "படத்தப் போட்டுட்டு செங்கலக் கேளுங்கட்டி" என்று மிக்கேலம்மாள் விரட்டுகிறாள். ரெக்சிலினின் கல் அலகுக்கும் தண்ணீருக்கும் நடுவில் அப்படியேதான் இருக்கிறது. கிளி இன்னும் குடிக்கவில்லை. நாங்கள் குடிக்கிறோம்.

தொட்டி வந்த புதிதில் மிக்கேலம்மாளின் கல் மட்டும்தான் பாக்கி இருந்தது. அவள் குடம் குடமாகக் குடித்தாள். ஒரு காலையில், படத்துக்குப் பின்னால், பல்லைக் கடித்துக்கொண்டு, பிள்ளை பெற்ற வலியில் பாதியை மறுபடியும் பட்டு அதை வெளியே தள்ளினாள். பழுப்பு நிறம், புளியங்கொட்டையில் பாதி. தொட்டித் தண்ணீரில் கழுவி முந்தானையில் முடிந்துகொண்டாள். பாத்திக்குப் போகாமல் நேரே ஆபீசுக்கு நடந்தாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

கஸ்பார் முதலாளி ஏசிக்குக் கீழே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் முடிச்சை அவிழ்த்து அதை அவர் மேசையின் நடுவில் வைத்தாள்.

"இது படம் எடுத்த கல்லு இல்ல முதலாளி. நானே தள்ளுனது. எங்கக்காளுக்கும் இதே மாதிரி ஒண்ணுதான் இருந்துச்சி" என்றாள். "இது ஒமக்கு."

அவர் அதைத் தூக்கி எறியப் பார்த்தார். எறிய முடியவில்லை, அது மேசையில் பதிந்துவிட்டது, நடுவில் மயிரிழைகூட நுழையாதபடி. தச்சனைக் கூப்பிட்டு உளி வைத்துப் பார்த்தார், மேசையை மாற்றிப் பார்த்தார். எந்த மேசை போட்டாலும் தண்ணீர் டம்ளர் வைக்கிற இடத்தில் அது வந்து இருக்கிறது.